பெரியக்கா, பாராட்டு விழாவுக்கு நான் வரவில்லை

பெரியக்கா,

அழைப்பிதழ் வந்தது. முன்வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருப்பதாக உன் மாணவி போனில் சொன்னாள். பட்டறையில் வேலை குவிந்திருக்கிறது, வர இயலாது என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் தீபாவளிக்கு முன் எந்தக் கொலுசுப் பட்டறைக்காரனும் வெளியூர் போக மாட்டான் என்பது உண்மைதான். ஆனால் நான் வராததற்கு அது மட்டும் காரணமில்லை.

உன் உரைகளை யூடியூபில் பார்க்கிறேன். 21-ஹைட்ராக்சிலேஸ் குறைபாடு, அதாவது ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் என் பிறவி நோய், என்று தொடங்கினால் அரை டிக்கெட் கதைக்கு வராமல் நீ முடிப்பதில்லை. அரங்கமும் சிரிக்கிறது. அந்தக் கதையில் கண்டக்டர் இருக்கிறார், எக்ஸ்ரே இருக்கிறது, துடுக்கான பன்னிரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். அம்மா இல்லை.

ஏழு வயதில் எனக்குக் குரல் உடைந்திருந்தது, முகமெல்லாம் பரு. மற்றவற்றை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கில்லை. ஏற்காடு பஸ் அடிவாரம் தாண்டுவதற்குள் கண்டக்டர் நம் இருக்கைக்கு வந்துவிட்டார். “மீசை முளைக்கப்போகிற பையனுக்கு அரை டிக்கெட்டா?” என்றார். அம்மா வாய் திறப்பதற்குள் நீ எழுந்து, பழுப்பு உறையிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். விரல்கள் விரிந்த என் இடது கை. “எலும்புக்குத்தான் பதிமூன்று வயது. என் தம்பிக்கு ஏழு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்னிருக்கைக்காரர் படத்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அது எத்தனை கை மாறியதோ. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து முழு டிக்கெட்டுக்கான சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். பிறகு எஸ்டேட் நிறுத்தம் வரும்வரை என் இடது கையைத் தன் சேலைக்குள் மூடியே வைத்திருந்தாள். நீயோ நியாயம் நம் பக்கம் இருக்கும்போது ஏன் கொடுத்தாய் என்று அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. நியாயம் உன் பக்கம்தான், அக்கா. எப்போதுமே உன் பக்கம்தான் இருந்திருக்கிறது.

காய்ச்சல் வந்தால் என் மாத்திரையைக் கூட்டித் தர வேண்டும் என்பதை அந்த வீட்டில் மறக்காதவள் நீ ஒருத்திதான். நான் வாந்தியெடுத்த இரவுகளில் நீ தூங்கியதில்லை. மூன்றாம் வகுப்பில் உயர வரிசையின் கடைசியில் நின்றவன் பத்தாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றபோது, என்னைக் குள்ளன் என்றவனை நீ என்ன செய்தாய் என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும். அவன் இப்போது ஊரில் மதிப்பான ஆள், விட்டுவிடுகிறேன்.

1984-ல் என் நோய்க்குக் காரணமான மரபணுவைப் பிரித்தெடுத்துவிட்டார்கள் என்று இன்லேண்டு லெட்டரில் எழுதினாய். ஆறாவது குரோமோசோமில் அசலுக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அதே எழுத்துகளோடு வேலை செய்யாத போலி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து பிழைகள் அசலுக்குள் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்று பின்னாளில் விளக்கினாய். வெள்ளியை உரைத்துப் பார்த்தே பிழைக்கிறவன் நான். இரண்டையும் பிரித்தறிவதிலேயே உன் காலம் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. பொங்கலுக்கு வந்தால் விடியற்காலையில், நான் மாத்திரை போடுவதற்கு முன், கையை நீட்டச் சொல்வாய். நோய் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை அளக்க என் ரத்தம் தெர்மாஸ் பிளாஸ்க்கில், மீன்கடை ஐஸில், ரயிலேறும். கரும்பு தின்றாயா என்று ஒரு வருடமாவது முதலில் கேட்டிருக்கலாம்.

நீ வரைந்த வம்சப் படத்தில் கறுப்பாக நிரப்பிய சதுரம் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே இரட்டைக்கோடு. “எங்களுக்கு மட்டும் எதற்கு இரண்டு கோடு?” என்று அம்மா கேட்டாள். தாய்மாமனைக் கட்டியதால் என்று பதில் சொன்னாய். படத்துக்கு அது சரியான பதில். அவளைக் கட்டிக்கொடுத்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை என்பதைக் காட்ட உங்கள் படத்தில் கோடு இருக்கிறதா?

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்திலும்தான் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளும் சின்னக்கா மகனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெரியவர்கள் பேசி வைத்ததல்ல. இருவரும் சொல்லச் சொல்லித்தான் எழுதுகிறேன். என் மகளைச் சோதிக்கத் தேவையில்லை. என்னிடம் இருக்கும் அந்த மரபணுவின் பிரதிகள் இரண்டும் பழுது, ஒன்று அவளுக்குப் போயே தீரும். அவனுக்கு வந்திருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, அவர்கள் குழந்தைக்கு நோய் வர பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. நீ கற்றுக்கொடுத்த கணக்குதான், தவறிருந்தால் திருத்து. சின்னக்கா வீட்டில் இதை எடுத்துச் சொன்ன மாலையில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர்களும் படிப்பார்கள். பையன் மட்டும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, “எப்போது மாமா?” என்றான்.

அவன் ரத்தத்தை அடுத்த வாரம் அனுப்புகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையது உன்னிடம் நிறையவே இருக்கும். விடை எதுவானாலும் முதலில் அவர்கள் இருவரிடம் சொல். எனக்கோ சின்னக்காவுக்கோ அல்ல. மேடையில் மட்டும் வேண்டாம்.

தம்பி