பகல் தூக்கமும் தூக்கம்தானே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நல்ல தூக்கத்துக்கான யோசனைகளை என் மனைவி சத்தமாக வாசித்துக் காட்டினாள். இரவு பத்து மணிக்குள் படுங்கள், ஆறு மணிக்கு எழுந்து வெயிலில் நடங்கள் என்றெல்லாம் போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் நான் நூற்பாலையில் ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷின் பிரிவில் வேலை செய்கிறவன். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட். முழு நைட் என்றால் நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை. நான் படுக்கும்போது மணி ஒன்பது ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

விழித்திருப்பது பெரிய விஷயமே இல்லை. நாலு மணி வாக்கில் கண்ணைச் சொருகும், அறுந்த இழை எது, ஓடுகிற இழை எது என்று தெரியாது. முகத்தைக் கழுவி, ஒரு டீ குடித்தால் சமாளித்துவிடலாம். பகலில் தூங்குவதுதான் பாடு. ஜன்னலில் பழைய கம்பளியை ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுவேன். "அப்பா தூங்குகிறார், பெல் அடிக்காதீர்கள்" என்று மகள் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்தாள். அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க, அப்பா தூங்கறாருங்களா?" என்று பெல்லை அடித்துக் கேட்டவரும் உண்டு!

மெஷின் இரைச்சலில் நின்றபடியே தூங்கிவிடுவேன். பக்கத்து வீட்டு மிக்சிக்கு எழுந்துவிடுகிறேன். இது என்ன விசித்திரமோ தெரியவில்லை. ஆடி மாதம் முழு நைட் வந்தால் தொலைந்தேன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பகலுக்கும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல் என்று அதே விதியில் வரம்பு இருக்கிறது. அதை யார் அளக்கிறார்கள்? மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துவதும் பகலில்தான். இதை எழுதும்போதுகூட ஃபேன் ஓடவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்ட் வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று 2007-இல் வகைப்படுத்தி, 2019-இலும் அதையே சொன்னது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிற சொந்தக்காரர்கள் கொஞ்சம் படிக்கட்டும்.

எனக்காவது சோறு ஆக்கி வைக்க ஆள் இருக்கிறது. பெண்கள் ஆலைகளில் இரவு வேலை பார்க்கத் தடை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்புச் சொன்னது, நல்ல தீர்ப்புதான். ஆனால் என்னோடு முழு நைட் முடித்துப் போகிற பெண்கள் வீட்டுக்குப் போனதும் அடுப்பைத்தான் பற்றவைக்கிறார்கள். அவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்று எனக்கே தெரியாது.

அடுத்த முறை தூக்கத்தைப் பற்றி எழுதுமுன் மில்காரர்கள், நர்சுகள், வாட்ச்மேன்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் நிருபரை அனுப்புவதானால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பெல் அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி,
சூலூர்.