பாங்காக்கில் தடுமாற வைத்தது தேள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த பாங்காக் பயணக் கட்டுரையைப் படித்தேன். குச்சியில் செருகி வறுத்த தேள், தட்டு நிறையப் புழு, விடிய விடிய ஓயாத தெரு என்று கட்டுரையாளர் கண்ட காட்சிகள் பொய்யல்ல. அவற்றை நானும் கண்டேன். ஆனால் அவற்றையே அந்த நகரத்தின் முகமாகக் காட்டி, 'கண்டதையும் தின்னும் ஊர்' என்று முடித்திருப்பதைப் படித்தபோது, முதல் முறையாக அங்கே போகவிருக்கும் ஒரு வாசகர் எதற்கு ஆயத்தமாக வேண்டுமோ அதில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லையே என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அக்காள் மகனான மருமகனுடன், ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு கொச்சியில் விமானம் ஏறினேன். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே தாய்லாந்து போகலாம் என்றான பிறகு எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் போய்வருகிறார்கள். அறுபது வயதில் பையோடு கிளம்பியவன் என்பதால் எனக்கு மட்டும், 'உமக்கு எதுக்குவே இந்த மூட்டை?' என்று சந்தைச் சாயாக்கடையில் ஒரு வாரம் கேலி நடந்தது. தங்கியது கட்டுரையாளர் எழுதிய அதே காவ் சான் தெருவுக்குப் பின்புறம், எட்டுப் பேர் மாடிக்கட்டிலில் படுக்கும் ஓர் அறையில். காவ் சான் என்றால் உமி நீக்கிய அரிசி என்று பொருள். முன்பு அரிசி வணிகம் நடந்த தெரு அது. இப்போது அங்கே தேள் விற்பவர்கள், தின்பதற்கு ஒரு விலையும் படம் எடுப்பதற்கு ஒரு விலையும் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது வெளிநாட்டினருக்காகப் போடப்பட்ட கடை என்பதற்கு அந்த அட்டையே போதும். வடகிழக்குத் தாய்லாந்து மக்கள் சில பூச்சிகளை உணவாக உண்பது உண்மைதான். முதல் மழைக்குப் புறப்படும் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கும்போது அதைப் பார்த்து நாம் முகம் சுளிப்பது பொருத்தமாக இல்லை.

உண்மையில், முற்றிலும் புதிதாக இருந்த எதுவும் என்னைத் தடுமாற வைக்கவில்லை. பாதி தெரிந்தவைதான் தடுமாற வைத்தன. தமிழக-கேரள எல்லையோரத்தில் வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கள் வீட்டில் தாகத்துக்குக் குடிப்பது வெள்ளம். தங்கள் நாளிதழில் வெள்ளம் என்று அச்சானால் அது ஊரை மூழ்கடித்த செய்தி.

எழுத்திலிருந்தே தொடங்குகிறேன். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனால் மலையாளப் பலகையைத் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடும் எனக்கு, தாய்லாந்து எழுத்தைப் பார்த்ததும் அரை மணி நேரம் முயன்றால் படித்துவிடலாம் என்ற ஆசை எழுந்தது. அது வீண் ஆசையும் அல்ல. அந்த எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. சில உயிர்க்குறிகள், நம் கொம்பைப் போலவே, மெய்க்கு முன்னால் நிற்கின்றன. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர்கள் இடைவெளி விடுவதில்லை. முப்பத்தைந்து ஆண்டு பேரேடும் ரசீதும் படித்தே சம்பளம் வாங்கியவன், பேருந்து நிறுத்தத்தில் எழுத்தறியாதவனாக நின்றேன். கைகொடுத்தவை எண்கள்தாம். டோன் முயாங் விமான நிலையத்திலிருந்து காவ் சானுக்கு ஏ4 என்ற பேருந்து 50 பாத்துக்கு வருகிறது என்பதை மருமகன் முன்பே குறித்து வைத்திருக்காவிட்டால், வாடகைக் காருக்குப் பலமடங்கு கொடுத்திருப்போம். கட்டுரையில் பேருந்து எண் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது வணக்கம். கைகூப்புவது நமக்குப் பழக்கம்தானே என்று, விடுதி வரவேற்பில் இருந்த பெண் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, பழம் விற்பவர் முதல் படகு நடத்துநர் வரை அனைவரிடமும் 'சவாதீ கா' என்று கைகூப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள், புன்னகை நாடு என்று சும்மாவா சொன்னார்கள் என்று நானும் பூரித்தேன். 'கா' என்பது பெண்கள் சொல்லும் மரியாதை விகுதி, ஆண்கள் 'கிரப்' என்று முடிக்க வேண்டும் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. ஒருவர்கூட முகத்துக்கு நேரே திருத்தவில்லை.

கோயில் நடைமுறையில் மோதல் இன்னும் நேரடியானது. சுசீந்திரத்தில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். பாங்காக் அரண்மனை வளாகத்தில் உள்ள மரகத புத்தர் கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் போகலாம். அரைக்கால் சட்டையில் வந்த மருமகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை ஒன்றைத் தெருவில் வாங்கி அதன்மேலேயே மாட்டிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வாசலில் புது வேட்டியைப் பேண்டுக்கு மேல் சுற்றிக்கொண்டு கூச்சத்தோடு நிற்கும் வெளியூர்க்காரர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். அங்கே தாய்லாந்துக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை, எங்களுக்கு 500 பாத். முதலில் எனக்கும் கோபம்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் வெளிநாட்டினருக்கான தனிக் கட்டணப் பலகையைப் பலமுறை பார்த்தும் ஒரு நாளும் எனக்கு உறுத்தியதில்லை என்பது பிறகு உறைத்தது.

மாலை ஆறு மணிக்கு லும்பினி பூங்காவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரிக்கரைப் புல்லில் ஆள் நீள உடும்பு ஒன்று சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு தொடங்கியது. எதிரே ஓடி வந்த இளைஞர் மூச்சிரைக்க அப்படியே நின்றார். தள்ளுவண்டியை ஓர் ஆயா நிறுத்தினார். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்தார்கள். மருமகன் மட்டும் உடும்பின் பின்னால் கைபேசியோடு போய்க்கொண்டிருக்க, அருகிலிருந்த முதியவர் ஒருவர், முகத்தில் கடுமை ஏதுமின்றி, உள்ளங்கையைத் தரையை நோக்கி மெல்ல அழுத்திக் காட்டினார். அது நாட்டுப்பண் என்றும், நாள்தோறும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் ஒலிக்கும் என்றும் பிறகு அறிந்தோம். பாட்டு முடிந்த நொடியில் இளைஞர் ஓடத் தொடங்கினார். உடும்பு மட்டும் நிற்கவே இல்லை.

சிலோம் சாலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். நாங்கள் தேங்காயை எந்தப் பக்கம் கொடுப்பது என்று விழித்தபோது, வழி காட்டியது ஒரு தாய்லாந்து அம்மையார். அந்தக் கோயிலை ஊரார் 'வாட் கேக்' என்கிறார்கள். 'கேக்' என்பதற்கு விருந்தாளி என்று பொருள். இந்தியர் போன்றோரைக் குறிக்கவும் அதே சொல்தான். அதில் மதிப்பு இருக்கிறதா, ஏளனம் இருக்கிறதா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது என்று விடுதியில் சொன்னார்கள். கேரளத்தில் வடமாநிலத் தொழிலாளர்களை அரசு 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி, என்று எழுதுவதையும், முன்பு அதே சாலைகளில் நம்மவர்கள் காதில் ஏளனமாக விழுந்த 'பாண்டி' என்ற அழைப்பையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மிகவும் அவதிப்பட்டது சாப்பாட்டுக்கு. நான் சைவம். முதல் இரவு, இறைச்சி வேண்டாம் என்று சைகையால் சொல்லி வாங்கிய பப்பாளிக்காய்க் கூட்டில் உலர்ந்த இறால் கிடந்தது. மறுநாள் ஒரு கடைக்காரர் 'மங்சவிரத்' என்றார். மாமிச விரதம் என்றே என் காதில் விழுந்தது. இனி கவலையில்லை என்று உட்கார்ந்தேன். சோற்றின் மேல் ஒரு முட்டையோடு தட்டு வந்தது. சொல் சரிதான், அவர்கள் விரதத்தில் முட்டைக்கு இடம் உண்டு. இரண்டு இரவுகள் வாழைப்பழமும் ரொட்டியுமாகக் கழிந்த பிறகு, சீனர் தெருவில் ஒரு கடை முகப்பில் மஞ்சள் கொடியொன்றை மருமகன் காட்டினான். அதில் சிவப்பில் ஓர் எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலவே இருந்தது. அதை 'ஜே' என்று படிக்க வேண்டும். மீன் சாறு, முட்டை, பால் எதுவும் சேர்க்காத சமையல். வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு அந்தப் பதினேழைத் தேடியே ஊரைச் சுற்றினேன்.

எனவே, அடுத்த முறை பாங்காக் பற்றிக் கட்டுரை வரும்போது, தேளின் படம் வரும் இடத்தில் அந்த மஞ்சள் கொடியின் படத்தை எழுத்து தெளிவாகத் தெரியும்படி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.