கோரிக்கை மனு: தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் வாழும் வீடுகளுக்கு மனநல ஆதரவு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள்,
இளையான்குடி வட்டாரக் கிராமங்கள், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: பெற்றோர் வெளியூரில் வேலை பார்க்க, முதியவரும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு மனநல ஆதரவு வழங்கத் துறைகளை இணைத்து ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று இளவயதினர் போய்விட, வயதானவர்களும் அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட பேரப்பிள்ளைகளுமே பல வீடுகளில் இருக்கிறார்கள். முதியவரைச் சுகாதாரத் துறை பார்க்கிறது. பிள்ளையைப் பள்ளியும் அங்கன்வாடியும் பார்க்கின்றன. ஆனால் பாட்டி மனம் ஒடிந்து அடுப்பு மூட்டாமல் படுத்துவிட்டால், மறுநாள் பள்ளிக்கு வராமல் போவது பேத்திதான். அந்தப் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால் தூக்கம் கெடுவது பாட்டிக்கு. எனவே இவ்வீடுகளை ஒரே அலகாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்குப் புதிய பணியிடம் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளுடன் வீட்டுக்கே வருகிறார். அவர் கூடுதலாக 2 கேள்விகள் கேட்டால் போதும். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, இனி என்ன இருக்கிறது என்று தோன்றியதா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரலாம்: இல்லவே இல்லை என்றால் 0 என்பதிலிருந்து கிட்டத்தட்டத் தினமும் என்றால் 3 வரை. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்க்க வேண்டும். கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். உறவினரோ அக்கம்பக்கத்தாரோ நிற்கும்போது கேட்டால் "நல்லா இருக்கேன் தாயி" என்ற பதில்தான் வரும். மனக்கவலை என்று வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு, சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்வார்கள். வலி மாத்திரையோடு அவர்களைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

மனச்சோர்வு என்றோ மறதி நோய் என்றோ முடிவு கட்டுவதற்கு முன் காது, கண், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். காது மந்தமானவர் மாற்றிப் பதில் சொல்வதை மூளைத் தளர்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாகவோ நீரிழப்பாகவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரையாலும் குழப்பம் வரும், இரவில் எழுந்து விழுந்து இடுப்பும் முறியும். இவ்விற்பனையை மருந்து ஆய்வாளர்கள் கண்காணிக்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாததுதான். மனச்சோர்வு மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரமாகும்; முதியவருக்கு இன்னும் தாமதமாகலாம். குமட்டலோ முதல் வாரத்திலேயே வரும். பத்தாம் நாளில் "இது ஒத்துக்கவில்லை" என்று டப்பாவை மூடிவிடுகிறார்கள். ஆகவே முதல் மாதத்தில் தன்னார்வலர் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைய வாய்ப்புண்டு என்பதால் முதல் சில வாரங்களுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவக் குழு வட்டாரத்துக்கு வரும் நாளை ரேஷன் கடைப் பலகையில் முன்கூட்டியே எழுதி வைக்கவும், தொடர் மாத்திரைகளை மற்ற மாத்திரைகளுடன் வீட்டுக்கே அனுப்பவும் வேண்டுகிறோம்.

பிள்ளைகளிடம் அடையாளங்கள் வேறு. பொங்கலுக்கு வந்த பெற்றோர் திரும்பிப் போன அடுத்த வாரத்தைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும். காரணமில்லாத வயிற்றுவலி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, பெரிய பிள்ளைகளிடம் எரிச்சலும் இரவெல்லாம் செல்போனும். வகுப்பில் பெயர் சொல்லி "உனக்குக் கவுன்சலிங்" என்று எழுப்பினால், அந்தப் பிள்ளை பிறகு வாயே திறக்காது. ஆசிரியர் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். தனியாக அழைத்துக் கேட்டு, 2 வாரம் குறித்து வைத்து, பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் காட்டினால் போதும். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. போக்சோ சட்டப்படி உடனே புகார் செய்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பெற்றோருக்கும் பள்ளி ஒன்றை எடுத்துச் சொல்லலாம்: வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரத்தில் அழையுங்கள், வர முடியாத தேதியை வருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

14416 மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் குரலிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார். எண்ணைச் சுவரில் ஒட்டுவதோடு நிற்காமல், தன்னார்வலரே அழைத்து, ஸ்பீக்கரில் பேசவைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார வேண்டும்.

ஊருக்கு ஒரு மாலைக்கூடலும் கேட்கிறோம். வாரம் 2 நாள், பள்ளி விட்டபின் 4.30 முதல் 6 மணி வரை, அங்கன்வாடியிலோ நூலகத்திலோ நடத்தலாம். கண்புரை உள்ளவர்கள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும். சாய்மானமுள்ள நாற்காலி, பிடிமானக் கம்பியுள்ள கழிப்பறை இல்லாத இடத்துக்கு முழங்கால் வலிக்காரர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். 10 முதியவர், 15 பிள்ளைகள், ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல். கிராம சுகாதாரக் குழு நிதியிலிருந்து இச்செலவுக்கு அனுமதி தரலாம். இவ்வகைக் கூட்டங்கள் கெட்டுப்போவது மேடைப் பேச்சாலும் புகைப்படத்தாலும்தான். முதியவரைப் பார்வையாளராக உட்கார வைக்கக் கூடாது. பல்லாங்குழி, தாயம் கற்றுக்கொடுப்பது, விதை பிரிப்பது, கதை சொல்வது அவர் பொறுப்பு. செல்போனில் மகனுக்குக் குரல்பதிவு அனுப்பித் தருவது பிள்ளையின் பொறுப்பு. தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு இருவருக்குமே வேண்டும்.

கடைசியாக ஒன்று, எங்களுக்கு மிகுந்த கவலை தருவது. பூச்சிமருந்து பல வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் பொது அறையில் விவசாயிகளுக்குப் பூட்டுள்ள தனித்தனிப் பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள்; விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதே ஏற்பாட்டைக் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் செய்து தர வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரை, வழக்கு வரும் என்ற பயத்தில் "தவறிக் குடித்துவிட்டார்" என்று சொல்லிக் குடும்பத்தார் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. இதைக் காவல் நிலையங்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பவும், வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே சுகாதாரப் பணியாளர் நேரில் போய்ப் பார்க்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

முதற்கட்டமாக 5 ஊராட்சிகளில் 6 மாதம் இதை நடத்தி, கண்டறியப்பட்டவர் எத்தனை, சிகிச்சையைத் தொடர்ந்தவர் எத்தனை, பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை என்ற கணக்கைப் பெயர் விவரமின்றிக் கிராம சபையில் வைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பணியாளர்களுக்குப் பயிற்சி தர நாங்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கண்ட மனுதாரர்கள்