புது சிஸ்டத்துக்கு முன் பழைய பெட்டியைச் சோதித்துப் பார்

அன்புள்ள அம்மாடிக்கு,

உன் பழைய கணினி மந்தமாக இருப்பதால் ரேம் வாங்கிப் போட்டு, கையோடு சிஸ்டத்தையும் (விண்டோஸ் போன்ற இயக்க முறைமையை) மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றலாம். ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதே. வன்பொருளில் ஏற்கெனவே ஒரு கோளாறு இருந்தால், எந்த சிஸ்டத்தைப் போட்டாலும் அது கூடவே வரும். நிறுவல் பாதியில் நிற்கும், திரை நீலமாகும். நீ புது சிஸ்டம்தான் மோசம் என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பாய். அதனால் முதலில் பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்.

சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: படங்கள், ஆவணங்கள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடு. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு முழுச் சோதனையே கடைசி அடியாகிவிடும். நகல் எடுத்ததும் அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார். திறக்கவில்லை என்றால் அதை நகலென்று எண்ணாதே.

சோதனையை டிஸ்க்கில் தொடங்கு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள். மேலே நீலத்தில் 'குட்' என்று காட்டினாலும் அதோடு விட்டுவிடாதே, கீழே இருக்கும் பட்டியலைப் படி. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள்தான் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்). சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி6, படிக்கவே முடியாதவை. மூன்றிலும் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். அந்த எண்கள் முதலில் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) தெரியும். மெனுவில் 'ரா வேல்யூஸ்' என்ற இடத்தில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 10 என்று தெரிவது உண்மையில் 16 ஆக இருக்கும். சி5-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பாதே. 05-இல் இரண்டோ மூன்றோ இருந்து பல வாரமாக ஏறாமல் நின்றால் முக்கியமில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏறிக்கொண்டே போனால் கழற்றிவிடு.

சி7 என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதே. அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றமே இல்லை, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் தரவு பிழையாகப் போனதன் கணக்கு. அந்த எண் ஒருபோதும் குறையாது. குறித்து வைத்துக்கொண்டு கேபிளை மாற்று, சில நாள் கழித்துப் பார். மேற்கொண்டு ஏறவில்லை என்றால் கேபிள்தான் காரணம். இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுபவர்கள் நிறைய.

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் சிஸ்டம் இருக்கிறதென்றால், நீ சொன்ன மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று போடு. பழைய மதர்போர்டில் சாட்டா 2 மட்டும் இருந்தால் நொடிக்கு 300 எம்பிக்குள்தான் வேகம் கிடைக்கும். சாட்டா 3 என்றால் 550 வரை போகும். அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறும் வித்தியாசம்தான் தெரியும். எம்.2 (போர்டிலேயே செருகும் சிறிய எஸ்எஸ்டி) வகை வாங்கும் எண்ணம் இருந்தால் நிதானம்: அந்தப் பொருத்துமிடம் சாட்டாவுக்கா, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு முறைக்கா என்று போர்டின் கையேட்டில் பார்த்த பிறகே வாங்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாறிப் போட்டால் வேலை செய்யாது.

அடுத்து ப்ராசஸர். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திற. ஒரே பக்கத்தில் ப்ராசஸர், போர்டு, பயாஸ் மோடு, செக்யூர் பூட் எல்லாம் கிடைக்கும். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் மென்பொருள். இன்டெல் கோர் என்றால் ஐ3, ஐ5, ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்: 7400 என்றால் 7-ஆம் தலைமுறை, 8400 என்றால் 8-ஆம் தலைமுறை, 10400 என்றால் 10-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் அநேகமாக 8-ஆம் தலைமுறை முதல்தான் அனுமதி. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல். அதிலும் சில மாடல்கள் பட்டியலில் இல்லை, உன் மாடல் எண்ணை மைக்ரோசாஃப்ட் பட்டியலில் நேராகத் தேடிப் பார்த்துவிடு. இதோடு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), டிபிஎம் 2.0 (பூட்டுச் சாவிகளைப் பாதுகாக்கும் வசதி) வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அப்படியே விட்டுவைப்பதும் சரியில்லை.

டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே நம்பிவிடாதே. அதற்கென்று தனிச் சில்லு இல்லாவிட்டாலும் ப்ராசஸருக்குள்ளேயே அந்த வசதி பெரும்பாலும் இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அதை இயக்கப் போகும் முன் விண்டோஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனோ பிட்லாக்கரோ (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் வசதிகள்) இயங்குகிறதா என்று கட்டாயம் பார். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவை, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவை. பயாஸில் கை வைத்ததும் அது சாவியைக் கேட்கும். சாவி அதே கணினிக்குள் மட்டும் இருந்தால் உன் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது.

பயாஸ் மோடு 'லெகஸி' என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அப்படியே யூஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் பூட் ஆகாது. பதறாதே, திரும்ப லெகஸிக்கு மாற்றினால் பழையபடி எழும்பும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவப் போகிறாய் என்றால் கவலையே இல்லை, முதலில் யூஇஎஃப்ஐ-க்கு மாற்று, பிறகு நிறுவு. இருப்பதை வைத்துக்கொண்டே மாற வேண்டுமென்றால் விண்டோஸ் 10-உடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. அதில் முதலில் 'வேலிடேட்' மட்டும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, சரியென்று வந்தால் மட்டும் மாற்று. மேசைக் கணினியில் மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சிஎஸ்எம்-ஐ (லெகஸி முறைக்கு இடம்தரும் பயாஸ் அமைப்பை) அணைத்ததும் திரையே வராமல் போகலாம். அப்போது கார்டைக் கழற்றிவிட்டு, போர்டில் காட்சித் துளை இருந்தால் அதில் மானிட்டரைச் செருகிப் பார்.

ப்ராசஸர் பட்டியலில் இல்லாவிட்டாலும் விண்டோஸ் 11-ஐப் போடக் குறுக்கு வழிகள் உண்டு. உனக்கு அதைச் சொல்லித்தர மாட்டேன். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆராய்ச்சிக்கென்று வைத்திருக்கும் கணினியில் செய்யலாம், வங்கி வேலை செய்யும் கணினியில் வேண்டாம். 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் 6, 7-ஆம் தலைமுறை ப்ராசஸரில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் நன்றாகவே ஓடும். உன் கணினி அந்த இடத்தில்தான் நிற்கும் என்பது என் ஊகம்.

ரேமுக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் வகைகள் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பின் எண்ணிக்கையும் 240, 288 என்று வேறு. மடிக்கணினியில் 204, 260. சில டிடிஆர்3 மடிக்கணினிகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகைதான் வேண்டும், 1.5 வோல்ட் ரேம் போட்டால் எழும்பாது. பழைய ரேம் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஒத்ததை வாங்கு. 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், 8 ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் அதற்குத் தெரியாது.

வாங்கும் முன் இருக்கும் ரேமைச் சோதி. மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடு. ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. வந்தால் ரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதி. பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் கெட்டது. எந்த ரேம் போட்டாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் போர்டின் மேல் சந்தேகம். நிறுவல் ஒவ்வொரு முறை ஒவ்வொரு சதவீதத்தில் நிற்பது கெட்ட ரேமின் வழக்கமான அடையாளம். ஆட்கள் இறக்கிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைக் குறை சொல்லித் திரும்ப இறக்குவார்கள்.

பெட்டியைத் திறக்கும்போது ஸ்விட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடி. உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடு. தூசி ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், தாறுமாறாகச் சுழல விடாதே. போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டுக்கு இனி ஒரு காசும் செலவழிக்காதே. பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதே, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். மடிக்கணினியானால் பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா என்று பார். தூக்கியிருந்தால் அன்றோடு அதைச் சார்ஜ் போடுவதை நிறுத்து.

போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடு, 3 வோல்ட். கணினியை அணைத்துப் போட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகிறதென்றால் அது தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் நீ பயாஸில் செய்த மாற்றமெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், டிபிஎம் மறுபடி அணையும், தேதி தப்பாகி இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும்.

லினக்ஸ் என்று முடிவெடுத்தால் நிறுவும் முன் லைவ் முறையில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே, ஓட்டிப் பார். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் இருப்பது அழிந்துவிடும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், முழுத்திரை வீடியோ எல்லாம் பார். கூடவே தூங்கவைத்து எழுப்பிப் பார். எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான், நிறுவிய பிறகு மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை வருவதும் இதனால்தான். வைஃபை வரவில்லை என்றால் பிராட்காம் சில்லாக இருக்கலாம், அதற்கு டிரைவர் தனியாக நிறுவ வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டுமே. ஒரு லேன் கேபிளை அருகில் வைத்துக்கொள், இல்லையென்றால் போனை யூஎஸ்பியில் செருகி இணையத்தைப் பகிர்ந்துகொள்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கம், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பக்கம், ரேம் சீட்டு, போர்டின் முழுப் படம் நான்கையும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டு என்ன வாங்கலாம் என்று எழுதுகிறேன். நகல் எடுக்கும் வேலையை மட்டும் இன்றைக்கே முடித்துவிடு அம்மாடி.

அன்புடன்,
அப்பா