எல்லைக்கு இந்தப் பக்கம்

எல் பாசோ, டெக்சாஸ்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். முடிந்தது, தேறியும்விட்டேன். 52 வயதில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது குடும்ப மருத்துவர் போல நோய் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ்!

இதற்குச் சான்றிதழ் தர இங்கே இரண்டு அமைப்புகள் உண்டு. ஏதாவது ஒன்றில் தேறினால் போதும். ஒன்றில் 175 கேள்விகள், ஏட்டுப் படிப்பு வாடை கொஞ்சம் தூக்கல். மற்றதில் 150 கேள்விகள், 3 மணி நேரம், பெரும்பாலும் நோயாளியைச் சுற்றியே வரும். வார்டிலேயே கிடந்தவள் எதை எடுப்பேன், சொல். அந்த 150-இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, வெறும் வெள்ளோட்டம். எவை என்று சொல்லமாட்டார்கள். விழி பிதுங்கவைத்த ஒவ்வொரு கேள்வியையும் அந்தப் பதினைந்தில் சேர்த்து என்னைத் தேற்றிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டியிருக்கும்.

உள்ளே விடுமுன் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார்கள். பிராக்டிகல் அன்று சிஸ்டர் நம் நகங்களை விரல் விரலாகப் பார்ப்பாரே, அந்த ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் மாநிலத்தின் கையில். டெக்சாஸில் நான் மருந்துச் சீட்டு எழுத வேண்டுமானால் முதலில் ஒரு மருத்துவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். பொதுவாக ஒரு மருத்துவர் ஏழு பேர் வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாதாமாதம் பணம் கேட்பவர்களும் உண்டு. இங்கிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் நியூ மெக்சிகோவின் லாஸ் க்ரூசஸ். அங்கே இதே படிப்பு, இதே தேர்வு. லைசென்ஸ் வாங்கிவிட்டால் யாருடைய ஒப்பந்தமும் இல்லாமல் தனியாகக் கிளினிக்கே நடத்தலாம். கோடு தாண்டினால் சர்க்கரை நோய் மாறிவிடுமா என்ன? 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய படிப்பு இது. மருத்துவரின் மேற்பார்வை வேண்டுமா வேண்டாமா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை.

உன் மகளும் இங்கே வந்து இந்தப் படிப்பை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். அவளுக்கு ஐசியூதான் உயிர் என்றாயே, அப்படியானால் என் வழியில் வரவேண்டாம். நம் ஊரில் போல எந்த வார்டில் போட்டாலும் பார்ப்பது இங்கே நடக்காது. ஐசியூவுக்கு அக்யூட் கேர் என்று தனிப் படிப்பு, தனித் தேர்வு. என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி அவசரத்தில் மாற்றிச் சேர்ந்துவிட்டு, இப்போது மறுபடியும் படிக்கிறாள். நம் நாட்டிலேயே கிரிட்டிக்கல் கேருக்கு இரண்டாண்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறதே என்று உன் மகள் கேட்பாள். நல்ல படிப்புதான், ஆனால் அதை வைத்து இங்கே நேராகத் தேர்வு எழுத முடியாது. முதலில் என்சிலெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வில் தேறி நர்ஸாக வேண்டும், பிறகு இங்கே அங்கீகாரமுள்ள முதுகலை. என்சிலெக்ஸில் நம் பதில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே தேர்வை முடித்துவிடும்; 85 கேள்வியிலும் நின்றுவிடும், 150 வரையும் இழுக்கும். சீக்கிரம் நின்றால் பயப்பட வேண்டாம் என்று சொல்.

நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன். என்னை மேற்பார்க்கப் போகும் அந்த மருத்துவருக்கு என் மூத்தவனைவிட நான்கு வயதுதான் கூட.

அன்புடன்,
மேரி