வதந்தியை மறுப்பதும் ஒரு பதில்தான்

ஆசிரியருக்கு,

பிரபலங்களின் வீட்டு விஷயம் வெளியே வந்தால் பழி கேமராக்காரர்கள் மேல் விழுகிறது. இல்லையென்றால் 'புகழ் மட்டும் வேண்டும், தொல்லை வேண்டாமா' என்று அவர்களையே குத்திக்காட்டுகிறோம். உண்மையில் பல விஷயங்கள் அவர்கள் வாயிலிருந்தும், கூட இருப்பவர்களின் கைப்பேசியிலிருந்தும்தான் கசிகின்றன.

முதல் ஓட்டை, மறுப்பு. பொய் வதந்தி கிளம்பும்போதெல்லாம் 'அது பொய்' என்று சொல்லிப் பழகியவர், உண்மையான செய்தி ஒன்று கசியும் நாளில் வாய் திறக்காவிட்டால் அந்த மௌனமே ஒப்புதல் ஆகிவிடும். காதல், உடல்நலம், பிள்ளைகள் என்று எதையெல்லாம் பேசப்போவதில்லை என்பதை முதல் பேட்டிக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு பொய்க்கும் மெய்க்கும் ஒரே பதில்: 'வீட்டைப் பற்றி நான் பேசுவதில்லை.' எவ்வளவு அபத்தமான பொய்யாக இருந்தாலும் இதே பதில்தான். நாக்கைக் கடித்துக்கொள்வது அங்கேதான் கஷ்டம். 1975இல், மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியை ரகசியமாகத் தூக்கப் போன குளோமர் கப்பலைப் பற்றிக் கேட்ட நிருபரிடம் அமெரிக்க உளவுத்துறை 'உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம்' என்ற கணக்கும் இதுவே. ஆனால் பதவியில் இருப்பவர் பொதுப்பணத்தைப் பற்றிய கேள்விக்கு இந்த வாக்கியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டால் அதற்குப் பெயர் தனியுரிமை அல்ல.

வழக்கு கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். 2003இல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் தன் கடற்கரை வீடு தெரியும் வான்படத்தை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தைத் தரவிறக்கியது மொத்தம் 6 முறை. அதில் 2 அவருடைய வழக்கறிஞர்களே! வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த இணையதளத்துக்குப் போய்விட்டார்கள். வழக்கும் நிற்கவில்லை.

பேட்டியில் போகிற போக்கில் சொல்லும் சிறு தகவல்களும் ஆபத்தானவை. முதல் பள்ளி, செல்ல நாயின் பெயர், துணைவரைச் சந்தித்த இடம் எல்லாமே கடவுச்சொல்லை மீட்கக் கேட்கப்படும் கேள்விகள். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பாலினின் மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான். பதில்கள் இணையத்திலேயே கிடந்தன. இந்தக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லத் தேவையில்லை. சம்பந்தமே இல்லாத எழுத்துகளைக் கொடுத்து, கடவுச்சொல் காப்புச் செயலியில் சேமித்து வைத்தால் போதும்.

படங்களை உடனுக்குடன் போடாமல் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். கேமராவுக்கு இருப்பிட அனுமதியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்த இருப்பிடத் தகவல் நீங்கிவிடும். அதையே 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். இதுவும் முழுப் பாதுகாப்பல்ல. ஜப்பானில் 2019இல், ஒரு இளம் பாடகியின் செல்ஃபியில் அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை அடையாளம் கண்டு, அங்கே காத்திருந்து வீடுவரை பின்தொடர்ந்து தாக்கியிருக்கிறான் ஒருவன். வீட்டு ஜன்னல் தெரியும் படம் வேண்டவே வேண்டாம்.

ஓடிய வழியை வரைபடத்தில் காட்டும் ஓட்டப் பயிற்சிச் செயலி இன்னொரு தலைவலி. வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்தை மறைக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் தினமும் ஓட்டம் அந்த வட்டத்தின் விளிம்பிலேயே அறுந்து நின்றால், நான்கைந்து நாள் தடங்களை வைத்து மையத்தைக் கணித்துவிடலாம். கணக்கையே பிறர் பார்க்க முடியாதபடி பூட்டி வைப்பதுதான் சரி, பிரபலம் மட்டுமல்ல, கூட இருப்பவர்களும். பைடன், மக்ரோன் ஆகியோரின் மெய்க்காப்பாளர்கள் ஸ்ட்ராவா என்ற இப்படியொரு செயலியில் பதிந்த ஓட்டங்களை வைத்துத் தலைவர்களின் நடமாட்டத்தை அறிய முடிந்ததை 2024இல் பிரான்சின் 'லெ மோந்த்' நாளிதழ் வெளியிட்டது.

கைப்பேசி எண் குறைந்தது மூன்று இருக்கட்டும்: வேலைக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று, வங்கிக்கும் கணக்கு மீட்புக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்று. சிம்மை மோசடியாக மாற்றி எண்ணைக் கைப்பற்றுபவர்களுக்கு முதலில் எண் தெரிய வேண்டுமே. பழைய எண்ணை விடுவதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகர்