முதலில் இன்ஜினைத் தொடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க டாங்கியான ஷெர்மன் எம்4ஏ1 ஒன்று உன் கொட்டகைக்கு வரப்போகிறது என்று உன் கடிதத்தில் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் தயாரிப்புக்கு வந்த வகை அது. வார்ப்பில் எடுத்த உடல், விளிம்பெல்லாம் உருண்டு வழிந்தாற்போல இருக்கும். ஷெர்மன்களில் கண்ணுக்கு அழகானது அதுதான் என்பேன். அதே கடிதத்தில், "வந்த வாரமே இன்ஜினை ஒரு தடவையாவது ஓடவிட்டுக் கேட்கணும்" என்றும் எழுதியிருக்கிறாய். இந்தப் பதில் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதே. இன்ஜின் கடைசியில் வரட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஷெர்மனில் ஸ்டியரிங் வளையம் கிடையாது. ஓட்டுபவர் முன்னால் இரண்டு லிவர்கள் இருக்கும். இடது லிவரை இழுத்தால், இன்ஜின் விசையை இரு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இடப்பக்க பிரேக் பட்டை இறுகும். அந்தப் பக்க டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை, வேகம் குறையும், வலப்பக்கம் வேகம் கூடும், வண்டி இடப்புறம் திரும்பும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வண்டி நிற்கும். திருப்புவதும் நிறுத்துவதும் ஒரே பட்டைகளின் வேலை. பல பத்தாண்டு சும்மா நின்ற வண்டியில் அந்தப் பட்டைகளின் லைனிங், தண்ணீர் கலந்த எண்ணெயில் ஊறிப் பிய்ந்துபோயிருக்கலாம். கியர் விழுந்து, 30 டன் நகரத் தொடங்கிய பிறகு அது தெரிந்து என்ன பயன்? கொட்டகைச் சுவர் அதை நிறுத்தாது.

வண்டி வந்து இறங்குவதற்கு முன்பே தரையைப் பார். டிராக்கோடு நிற்கும்வரை எடை பரவி நிற்கும். தரையில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான். ஜாக்கி வைத்ததும் கணக்கே வேறு. ஒரு முனையைத் தூக்கினால் சுமார் 15 டன் இரண்டு ஜாக்கிகளின் மேல் வரும். ஜாக்கியின் அடித்தட்டு 15 செ.மீ. சதுரம் என்றால், ஒவ்வொன்றின் கீழும் சதுர சென்டிமீட்டருக்கு 33 கிலோ. மெல்லிய கான்கிரீட் தரை அங்கேயே உடைந்து ஜாக்கி சாய்ந்துவிடலாம். அடியில் தடித்த இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் ஜாக்கி வை. ரயில் ஸ்லீப்பர் போன்ற கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டி உயர உயர அடுக்கையும் ஏற்று. வண்டி கட்டையின் மேல் உட்கார்ந்த பிறகுதான் அடியில் கை போகலாம். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. டர்ரட்டை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேல் கூண்டை, கழற்றும் எண்ணம் இருந்தால், வண்டி கொட்டகைக்குள் போகுமுன் வெளியிலேயே வாடகை கிரேன் வைத்து எடுத்துவிடு. உள்ளே போனபின் உன் கூரையில் தொங்கும் எந்த செயின் பிளாக்கும் அதைத் தாங்காது.

துப்பாக்கி, பீரங்கி விஷயம் சுருக்கமாக: உன் நாட்டுச் சட்டப்படி செயலிழக்கச் செய்த சான்று கையில் இல்லாமல் வண்டியை நகர்த்தாதே. உள்ளே இருக்கும் குப்பையைக் கையால் அள்ளாதே. டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார். குண்டோ தோட்டாவோ போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் வெளியே வந்து காவல்துறையைக் கூப்பிடு. இரண்டு சிவப்பு உருளைகள் இருந்தால் அவை பொருத்திவைத்த கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான்கள். உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம், வால்வைத் திருகிப் பார்க்காதே. கடிகார முகப்புகள் ரேடியம் பூசியதாக இருக்கலாம், அதனால் கண்ணாடியைத் திறக்காதே. பிரேக் லைனிங், கேஸ்கட், எக்ஸாஸ்ட் சுற்றுகளில் கல்நார் இருக்கும் என்றே எடுத்துக்கொள். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்து வேலை செய், பொருத்தமான முகமூடி போடு.

அடுத்து பெயின்ட். இதில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் பின்னால் வருந்துகிறார்கள். மணல் பீய்ச்சி ஒரே நாளில் சுத்தம் பண்ணிவிடலாம் என்று தோன்றும். பண்ணிவிட்டால் அந்த வண்டியின் பிறப்புச் சான்றும் தூசியோடு போய்விடும். உடலின் பக்கவாட்டில், பின்பக்கம் ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு இடம் தேர்ந்தெடு. 600 நம்பர் நீர்க் காகிதத்தை சோப்புத் தண்ணீரில் நனைத்து, சின்ன வட்டங்களாக, அழுத்தாமல் தேய். மேலே இருப்பது யாரோ பின்னால் அடித்த பச்சை. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே ஆலிவ் டிராப் என்னும் பழுப்புப் பச்சை ராணுவ நிறம். அந்த அடுக்கு எட்டிப்பார்க்கும் இடத்தில் வேகத்தைக் குறை. ஈரத்தில் முதலில் ஒரு வளைந்த கோடு தெரியும், பிறகு ஒரு எழுத்தின் கால் தெரியும். அமெரிக்கப் படையில் இருந்த டாங்கி என்றால் பதிவு எண் 30 என்று தொடங்கும். அது தெரிந்ததும் நிறுத்திவிட்டு, அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, எழுத்தின் உயரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள். கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கலாம். சாக்கடையில் விடாமல் சேர்த்து வை.

இனி டிராக். எம்4ஏ1-இல் பக்கத்துக்கு 79 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ரப்பர் புஷ்ஷுக்குள் இரண்டு பின்கள் (இரும்புத் தண்டுகள்) இருக்கும். பக்கத்துத் துண்டின் பின்னோடு அவற்றை இரு ஓரத்திலும் ஒரு இணைப்பான் பிடித்திருக்கும். ஆக பக்கத்துக்கு 158, மொத்தம் 316 இணைப்பான்கள், அத்தனைக்கும் ஒரு ஆப்பு, ஒரு நட். பின்னின் தட்டையான முகத்தில் அந்த ஆப்பு ஏறி இறுகுவதால்தான் டிராக் ஒன்றாக நிற்கிறது. கழற்ற முதலில், டிராக்கை இழுத்துப் பிடிக்கும் பின்பக்கச் சக்கரமான ஐட்லரைத் தளர்த்து. ஒரு இணைப்பில் இரு ஓரத்து நட்டுகளையும் தளர்த்தி, ஆப்பைத் தட்டிப் பின்வாங்கவிட்டு, புல்லர் போட்டு இணைப்பானை நேராக இழு. சம்மட்டியால் பக்கவாட்டில் அடித்தால் பின் முனை மழுங்கும். பிறகு புது இணைப்பான் அதில் ஏறவே ஏறாது. கடைசி இணைப்பான் விடும்போது டிராக்கின் மேல்பகுதி தன் எடையில் சரிந்து ஓடும், அந்த வரிசையில் யாரும் நிற்கக் கூடாது. டிராக் இல்லாத டாங்கிக்கு பிரேக்கும் இல்லை என்பதால், அதற்கு முன்பே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அடித்திருக்க வேண்டும்.

சக்கரங்கள் பக்கத்துக்கு ஆறு. மூன்று போகிகளில், அதாவது சக்கரத் தாங்கிகளில், இரண்டிரண்டாக. ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பை மெல்லிய பட்டைக் கத்தியால் சுற்றிப் பார். கத்தி உள்ளே நுழைந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம், ஓட்டத்தில் ரப்பர் வளையமாகக் கழன்று வரும். பசை ஊற்றி ஒட்டுவது வீண் வேலை. ரப்பர் வார்க்கும் ஆலையில் பழையதை நீக்கி, அச்சில் வைத்து வேகவைத்துத்தான் புதியது ஒட்ட வேண்டும். போகிக்குள் இருக்கும் வால்யூட் ஸ்பிரிங்குகள் (கூம்பு வடிவச் சுருள்கள்) அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். அமுக்கிப் பிடிக்கும் சாதனம் இல்லாமல் போகியைப் பிரிப்பது உயிருக்கு ஆபத்து.

துருவேறிய போல்ட்டுகளோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தவேண்டி வரும். எண்ணெய் பீய்ச்சி, ஓரிரு நாள் விட்டு, நட்டைச் சிவக்கச் சூடாக்கி, ஆறும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசை. தலை முறிந்துவிட்டால் மிச்சத் தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் பிடி. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மரைகள் எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும், அதில் ஏமாந்து மூலைகளை உருட்டிவிடாதே. சின்ன பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பாகத்துக்கு நெகட்டிவ், பக்கத்தில் தொங்கும் சாதாரண இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில் வை. கவசத்தில் மட்டும் புதிதாகத் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யோசிக்காதே. முறையாகச் சூடேற்றாமல், சரியான ராடு இல்லாமல் வைத்தால் வெல்டிங் பக்கத்திலேயே விரிசல் விடும்.

இப்போது முன்பக்கம். டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் எண்ணெயை வெளிச்சத்தில் வடித்துப் பார். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுத்தால் பேரிங் போயிருக்கிறது. மேல் மூடியைத் திறந்து பிரேக் பட்டைகளையும் ரிவெட்டுகளையும் பார்த்து, லைனிங் மாற்றி, லிவர் இழுப்பைச் சரிசெய். பிறகு டிராக்கைப் பூட்டி, இன்ஜின் இல்லாமலே, நியூட்ரலில் வைத்து வேறொரு கனமான வண்டியால் மெல்ல இழுக்கச் சொல். நீ உள்ளே உட்கார்ந்து இரண்டு லிவர்களையும் இழு. இழுக்கும் வண்டி திணறி நின்றால், அந்த நாள்தான் இன்ஜினைப் பற்றிப் பேசலாம்.

அந்த இன்ஜின் காண்டினென்டல் ஆர்-975. வட்டமாக ஒன்பது சிலிண்டர், 15.9 லிட்டர், காற்றில் குளிர்வது. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். வண்டி நிற்கும் நாட்களில் அது மெல்லக் கசிந்து கிராங்க் கேஸுக்கு வரும், அங்கிருந்து ரிங்குகளைத் தாண்டிக் கீழ் சிலிண்டர்களுக்குள் இறங்கும். உச்சியில் இருப்பது 1 என்றால் அடியில் தொங்குபவை 5, 6. அவற்றை ஒட்டி 4, 7. எண்ணெய் அமுங்காது. அது நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் ஏறி வரும்போது ஸ்டார்ட்டர் விடாமல் தள்ளினால், கனெக்டிங் ராடு வளையும் அல்லது சிலிண்டர் பிளக்கும். சில சமயம் ராடு லேசாக மட்டும் வளைந்து, இன்ஜின் ஓடவும் செய்து, சில மணி நேரம் கழித்து உடையும். நீ ஆசைப்படுகிற அந்த முதல் ஓட்டம் அப்படித்தான் முடியும்.

அதனால் 18 பிளக்குகளையும் கழற்று. எண்ணெய் வழிந்தால் வழியட்டும். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து வை. மேல் சிலிண்டர்களில் ஊற்றினால் பிஸ்டன் தலையில் தேங்கி ரிங்குக்கு இறங்கும். கீழ் சிலிண்டர்களில் தலைகீழ். ஊற்றியது பிளக் துளை வழியே வழிந்துவிடும். வளைந்த முனையுள்ள குழாயால் மேல்நோக்கிப் பீய்ச்சு. இரண்டு வாரம் தினமும் இதைச் செய்துவிட்டு, கைப்பிடியால் ஓடும் திசையில் மட்டும் சுற்று. இடித்து நின்றால் பின்னோக்கிச் சுற்றி விடுவித்துக்கொள்ளாதே. எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் ஏறி, ஸ்டார்ட் செய்ததும் திரும்பவும் சிலிண்டருக்கே வரும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பழைய பெட்ரோல் தொட்டிகளை நம்பாதே. முதல் ஓட்டத்துக்கு வெளியே சின்னத் தொட்டி வைத்துக் குழாய் கொடு. பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்துவிடும், எல்லாம் மாற்று. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இரண்டையும் கழற்றி உலரவைத்து, கண்டென்சரைச் சோதி. மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், எண்ணெய் அழுத்தக் குழாய் வழியே பம்ப் வைத்து எண்ணெய் ஏற்றிக்கொண்டே கையால் சுற்று. பிளக் போட்ட பிறகும் ஒருமுறை கையால் முழுச்சுற்று. ஓடத் தொடங்கியதும் கண் அழுத்த முள்ளில் மட்டுமே இருக்கட்டும். 30 விநாடிக்குள் எழவில்லை என்றால் அணைத்துவிடு, காரணத்தைத் தேடு. இன்னொருவர் தீயணைப்பானோடு வெளியே நிற்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி 316 ஆப்பு நட்டுகளையும் திரும்ப இறுக்கு. ஆப்பு ஓட்டத்தில் இன்னும் உள்ளே உட்காரும், நட் தளர்ந்துதான் இருக்கும்.

வண்டி இறங்கிய அன்று ஒரே ஒரு வேலை செய். முன்னும் பின்னும் உள்ள இழுவைக் காதுகளில் சீரியல் எண் குத்தியிருப்பார்கள். கம்பித் தூரிகை போடாமல் துணியால் துடை, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படி. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்